கூடக்குறைய ஆசீர்வாதம்

செய்தார். தப்பு செய்தார். சின்னத் தப்பு அல்ல, ஒரு வீட்டையே இடித்துத் தள்ளியிருக்கும் தப்பு. அதைத்தான் எழுதப் போகிறேன். பிடிக்காவிட்டால் இந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு யாரிடமாவது எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகசாலையில் நடந்த இரங்கல் கூட்டத்தில் ஒருவர் மாற்றி ஒருவர் எழுந்து, "பிழையே அறியாத சர்வேயர்" என்று அவரைப் புகழ்ந்தார்கள். கூட்டம் கலைந்ததும் செயலாளர் என் தோளைப் பிடித்து நிறுத்தினார். "நீதானே தம்பி அவரோட சங்கிலி இழுத்தவன்? அவரு ஒரு தடவைகூடத் தப்பா அளந்ததே இல்லையாமே? அதையே உருக்கமா எழுதிக் குடு, நினைவு மலர்ல போட்டுடலாம்" என்றார். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்தவன். எழுதுவதே எனக்குத் தண்டனை. அதிலும் பொய் எழுது என்றால் முடியாது. "பிழையே அறியாதவர்" என்ற வார்த்தை மட்டும் அவர் காதில் விழுந்திருந்தால், தலையிலிருக்கும் தொப்பியைக் கழற்றி மேசையில் அறைந்திருப்பார். சாமுவேல் ஆசீர்வாதம் பிழையை அறிந்தவர். அதன் நீளம் அகலம் தெரிந்து வைத்திருந்தவர்.

செய்தி வந்த அன்று நான் கிள்ளானில், ஆற்றோரமாக முளை அடித்துக்கொண்டிருந்தேன். எங்களோடு சங்கிலி இழுக்கும் கருப்பண்ணன் முதல் வண்டியில் வந்திருக்க வேண்டியவர். அடுத்த வண்டியில்தான் வந்து இறங்கினார். வழக்கமாகத் தூரத்திலிருந்தே யாரையாவது வைதுகொண்டு வருவார். அன்று சத்தமே இல்லை. பக்கத்தில் வந்து நின்று, என் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தார்.

"ஐயா போயிட்டாருடா ராசு."

"எப்போண்ணே?"

"காலைல. ஆஸ்பத்திரியில. கூடக்குறைய ஆறு மணி இருக்கும்."

சொன்னவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். நானும் நிமிர்ந்து பார்த்தேன். இரண்டு பேருமே காத்துக்கொண்டு நின்றோம் என்று நினைக்கிறேன். அந்த வார்த்தையை எங்களில் யார் சொன்னாலும் உடனே ஒரு கேள்வி வந்து விழும். அன்று வரவில்லை. அப்போதுதான் அவர் செத்துப்போனது எனக்கு உறைத்தது.

அவரைத் தெரிந்த உங்களுக்கு அது என்ன கேள்வி என்று சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நான் இந்த வேலைக்கு வந்த முதல் நாள். அதற்கு முன் அச்சுக்கூடத்தில் இருந்தேன், லோரியில் கிளீனராக இருந்தேன், வீடு வீடாகச் சோப்பு விற்றேன், எதிலும் நிலைக்கவில்லை. ஒரு தனியார் சர்வே ஆபீஸில் சங்கிலி இழுக்க ஆள் வேண்டும் என்றார்கள், வந்துவிட்டேன். சங்கிலி என்றால் அறுபத்தாறு அடி நீள இரும்புச் சங்கிலி. நிலம் அளப்பதற்கு. எங்கள் சர்வேயர் வெள்ளைத் தொப்பி, தேய்த்த சட்டை, மெழுகு போட்டு முறுக்கிய மீசையோடு வந்தார். என்னைவிட ஏழெட்டு வயதுதான் பெரியவர். நடையைப் பார்த்தால் கவர்னர். தூரத்தில் இருந்த ஒரு மரத்தைக் காட்டி, "அது எவ்வளவு தூரம் இருக்கும்?" என்றார்.

"கூடக்குறைய மூணு சங்கிலி இருக்கும் சார்."

"எவ்வளவு கூட?"

"என்ன சார்?"

"எவ்வளவு கூட, எவ்வளவு குறைய? கால் சங்கிலியா, அரைச் சங்கிலியா, பத்துச் சங்கிலியா? பாதியைச் சொல்லிட்டு மீதியை முழுங்குறியே, அந்த மீதிதான்டா எனக்கு வேணும்."

"அது தெரிஞ்சா நான் ஏன் சார் கூடக்குறையன்னு சொல்றேன்?"

கருப்பண்ணன் பயந்துபோய் என் விலாவில் இடித்தார். ஆனால் அந்த மனிதர் மீசை ஆடச் சிரித்தார். "வாய் நல்லா இருக்கு. கால் நடக்குமான்னு பார்ப்போம்" என்றார். அன்று மாலைக்குள் என் காலை ஒடித்துவிட்டார்.

பிறகு ஒரு நாள் டீக்கடையில் அவரே விளக்கினார். "வெள்ளைக்காரன் ஒரு அளவை எழுதினா, பக்கத்துல பிளஸ்ஸும் மைனஸும் ஒண்ணு மேல ஒண்ணாப் போட்டு, இவ்வளவு வரைக்கும் என்னை நம்பலாம்னு எழுதுறான். நம்மகிட்ட அதுக்கு முழுசா ஒரு வார்த்தையே இருக்கு. கூடக்குறைய. எவ்வளவு அழகான வார்த்தை! நாம அதைச் சோம்பேறித்தனத்துக்கு வச்சிக்கிட்டிருக்கோம். அளக்கப் பிடிக்கலைன்னா கூடக்குறைய. யோசிக்கப் பிடிக்கலைன்னா கூடக்குறைய." டீக்கடைக்காரரிடம்கூடச் சும்மா இருக்க மாட்டார். "கூடக்குறைய அஞ்சு நிமிஷத்துல டீ வந்துடும் சார்" என்றால் போதும், கேள்வி கிளம்பிவிடும். அப்படித்தான் ஆபீஸ் முழுக்க அவருக்கு அந்தப் பெயர் வந்தது. கூடக்குறைய ஆசீர்வாதம். காதில் விழுந்தும் கோபப்படவில்லை. "சரியாத்தான் வச்சிருக்கானுங்க. கர்த்தரோட ஆசீர்வாதம்கூட அப்படித்தானே வருது" என்றார்.

அவரோடு வேலை செய்வது சுகம் என்று எந்த முட்டாளும் சொல்ல மாட்டான். ஒரே கோட்டை மூன்று தடவை அளக்க வைப்பார். மூன்றும் மூன்று விதமாக வரும், சில அங்குலம் முன்னே, சில அங்குலம் பின்னே. நமக்கு எரிச்சலாக இருக்கும். அவருக்குச் சந்தோஷம். ஒரு தடவை புதிதாக வந்த ஒருவன், மூன்று தடவையும் அங்குலம் பிசகாமல் ஒரே எண்ணைச் சொன்னான். பாராட்டை எதிர்பார்த்து நின்றான். ஆசீர்வாதம் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "மூணு தடவையும் ஒரே நம்பர் வந்துச்சுன்னா, ரெண்டாவது தடவையிலேர்ந்து நீ நிலத்தை அளக்கல தம்பி. உன் ஞாபகத்தை அளந்திருக்கே. போ, மறுபடி அளந்துட்டு வா" என்றார். அவன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. நானும் இரண்டு தடவை நின்றுவிடப் போகிறேன் என்று சத்தம் போட்டிருக்கிறேன். "போறதுன்னா போ லா, சங்கிலியைத் தொடைச்சு வச்சிட்டுப் போ" என்பார். துடைத்து வைப்பதற்குள் கோபம் போய்விடும்.

பிழையில் இரண்டு ஜாதி உண்டு என்பார். முதலாவதற்குக் கள்ளுக்கடைப் பிழை என்று பெயர் வைத்திருந்தார். கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் இடது பக்கம் ஓரடி சாய்வான், வலது பக்கம் ஓரடி சாய்வான். ஆனால் மொத்தத்தில் வீட்டுப் பக்கமாகத்தான் போய்க்கொண்டிருப்பான். அந்தப் பிழைக்குப் பயப்படாதே, பல தடவை அள, இரண்டு பக்கமும் அடித்துப் போய்விடும். இரண்டாவது, கோணச்சக்கரப் பிழை. மாட்டு வண்டியில் ஒரு சக்கரம் கோணலாக இருந்தால், எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே பக்கத்துப் பள்ளத்தில்தான் இறக்கும். நூறு தடவை அளந்தாலும் அது போகாது. சக்கரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். எங்கள் சங்கிலியே அப்படித்தான். இழுத்து இழுத்து அதன் கண்ணிகள் அகன்று, சங்கிலி கொஞ்சம் நீண்டுபோயிருந்தது. நீண்ட சங்கிலியால் அளந்தால் எல்லாத் தூரமும் குறைவாகவே வரும். அதனால் வாரம் தவறாமல் ஆபீஸ் முற்றத்தில் அடித்து வைத்த இரண்டு ஆணிகளுக்கு நடுவே அதை நீட்டிப் பார்ப்பார். வெயிலில் இரும்பு நீளும் என்று உச்சி வெயிலில் ஒரு தடவை, காலையில் ஒரு தடவை. பைத்தியம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

"அப்போ மூணாவது பிழை எது சார்? குறி மாறிப்போறது, எண்ணிக்கையில விட்டுப்போறது?" என்று கேட்டேன்.

"அது பிழையில்லடா, தப்பு. பிழைக்கு ஒரு எல்லை இருக்கு. இவ்வளவுதான் கூடும், இவ்வளவுதான் குறையும்னு சொல்லிப்புடலாம். தப்புக்கு எல்லை கிடையாது. அது எவ்வளவு வேணும்னாலும் இருக்கும். நான் பிழை செய்வேன், தினமும் செய்வேன். தப்பு செய்ய மாட்டேன்."

இந்தக் கடைசி வாக்கியத்தை நான் விட்டுவிட்டு எழுதியிருக்கலாம். அவர் அப்படிச் சொன்னது உண்மை, ஆகையால் எழுதுகிறேன். அகம்பாவம் உண்டு அவருக்கு.

கிள்ளானில் ஒரு ரப்பர்க் கிடங்குக்காரர் ரயில் பாதையிலிருந்து தன் கிடங்குக்குக் கிளைத் தண்டவாளம் போடுவதாக ஏற்பாடு. ஸ்டேஷன் பக்கம் நட்டிருந்த கல்லிலிருந்து பத்துச் சங்கிலித் தூரத்துக்கு உள்ளே எது இருந்தாலும் எடுத்துவிடுவது என்று முடிவாகியிருந்தது. எது உள்ளே, எது வெளியே என்று அளந்து சொல்வது எங்கள் வேலை. அந்த வரிசையில் கடைசியாக இருந்தது பால்கார மாரியாயி அக்காவின் வீடு. தகரக் கூரை, பின்னால் மாட்டுக் கொட்டகை, பக்கத்தில் அவர் புருஷனே நட்டு வைத்த ஒரு சூலம்.

அளந்த அன்று தரை முழுக்கச் சதுப்பு. ஒவ்வொரு சங்கிலி முடிவிலும் நாங்கள் குத்தி வைக்கும் இரும்புக் கம்பி நிற்கவே இல்லை, சேற்றில் புதைந்து போனது. கம்பி நின்றால் அதைப் பொறுக்கி எண்ணியே சரிபார்த்துவிடலாம். நிற்காததால் வாயால் எண்ணிச் சொல்வது என்று ஆயிற்று. வழக்கமாக எண்ணுகிறவன் நான். அன்று என்னை முன்னால் அனுப்பியிருந்தார்கள், பாராங் கத்தி எடுத்துப் புதர் வெட்ட. அதனால் கருப்பண்ணன் எண்ணினார். ஆசீர்வாதம் கல்லருகில் குடைக்குக் கீழே கருவியோடு நின்று, ஆட்கள் கோடு தவறாமல் போகக் கையை ஆட்டிக்கொண்டும், கருப்பண்ணன் ஒவ்வொரு தடவை கத்தும்போதும் நோட்டில் ஒரு கோடு கிழித்துக்கொண்டும் இருந்தார். முதல் சங்கிலி தாண்டியதுமே மழை பிடித்துக்கொண்டதால், என்ன சொல்கிறார் என்பது கேட்காது. கத்துவது மட்டும்தான் கேட்கும். முடிந்ததும் இடி இடித்து ஊற்றியது. எல்லோரும் வண்டியைப் பிடிக்க ஓடினோம். எதிர்ப் பக்கத்திலிருந்து ஒரு தடவை அளந்து பார்க்கிற வழக்கம் அன்று மட்டும் நடக்கவில்லை.

அவர் கிழித்த கோடுகள் ஒன்பது, கருவி வழியே பார்த்த கடைசித் துண்டு அரைச் சங்கிலி; அதன்படி மாரியாயி வீட்டின் முன்மூலை ஒன்பதரைச் சங்கிலியில் இருந்தது. அதாவது பத்துக்கு உள்ளே. வரைபடம் வரைந்து கையெழுத்தும் போட்டாயிற்று. வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வேலைக்காக அந்தப் பக்கம் போனபோது மாரியாயி அக்கா பால் குவளையோடு வழியில் நின்றுகொண்டார்.

"வாங்க கவர்னரே. எங்க வீட்டை எந்த வாயால உள்ளே இருக்குன்னு சொன்னீங்க?"

"வாயால சொல்லலம்மா. அளந்து சொன்னேன்."

"என்னத்த அளந்தீங்க? என் மாட்டுச் சாணிக்கு மூக்கைப் பொத்திக்கிட்டு நின்னீங்க, நான்தான் பாத்தேனே! கல்லு எங்கே இருக்கு, வீடு எங்கே இருக்கு! எவ்வளவு தூரம்!"

"எவ்வளவு தூரம்?"

"ரொம்பத் தூரம்."

"ரொம்பன்னா?"

"ரொம்பன்னா ரொம்பத்தான்! இடுப்புல குவளையைத் தூக்கி நடந்து பாருங்க, தெரியும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. "அம்மா, என் அளவு ஒரு அடி கூடும், ஒரு அடி குறையும். அதுக்கு மேல போகாது. உங்க வீடு முப்பது அடிக்கு மேல உள்ளே இருக்கு. நான் என்ன செய்யட்டும்?" என்றார்.

"ஒரு அடி கூடும் குறையும்னு நீங்களே சொல்றீங்க. ஒரு அடி தப்பினவரு முப்பது அடி தப்ப மாட்டீங்களா?"

அந்த அம்மாவுக்கு அளவைப் பற்றி ஒன்றும் தெரியாது. கோபத்தில் கேட்டதுதான். ஆனால் வண்டியில் திரும்பும்போது ஆசீர்வாதம் மீசையைக் கடித்துக்கொண்டே வந்தார்.

பிரிக்பீல்ட்ஸில் இறங்கியதும் அவர் அம்மாவுக்கு அரிசி வாங்க வேண்டும் என்று மளிகைக் கடைக்குள் நுழைந்தார். நானும் கூடப் போனேன். கடைக்காரர் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆள். படியை மூட்டைக்குள் விட்டுத் தலை தட்டி, பைக்குள் கவிழ்த்தார். "லாபம்." மறுபடி முகந்து கவிழ்த்தார். "ரெண்டு." மறுபடி. "மூணு."

ஆசீர்வாதம் பையின் வாயைப் பிடித்துக்கொண்டிருந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"நிறுத்துங்க. முதல்ல என்ன சொன்னீங்க?"

"லாபம்னு சொன்னேன்."

"ஒண்ணு எங்கே?"

"அதான்யா ஒண்ணு. அளக்குறப்போ யாராவது ஒண்ணுன்னு ஆரம்பிப்பாங்களா? லாபம்னுதான் ஆரம்பிக்கணும்."

"அப்போ லாபம்னு சொன்னப்பவே ஒரு படி பைக்குள்ள விழுந்தாச்சா?"

கடைக்காரருக்கு முகம் சிவந்தது. "என்ன சார், நான் ஒரு படி ஏமாத்துறேன்னு சொல்றீங்களா? கொட்டி அளந்து பாத்துக்குங்க! எங்கப்பன் காலத்திலேர்ந்து..."

"உங்களைச் சொல்லல அண்ணாச்சி, என்னைச் சொல்றேன்" என்று அவர் பையை என் கையில் திணித்துவிட்டுத் தெருவில் இறங்கினார். கருப்பண்ணன் வீட்டுப் பக்கம் அவர் ஓடுவதை அன்றுதான் முதல் தடவை பார்த்தேன். தொப்பி கையில் இருந்தது. நானும் பையோடு பின்னால் ஓடினேன்.

கருப்பண்ணனும் தஞ்சாவூர்ப் பக்கம்தான். கப்பலேறுமுன் களத்தில் நெல் அளந்தவர். ஆசீர்வாதமோ ரயில்வே பயர்மேனின் பிள்ளை, மிஷன் போர்டிங்கில் வளர்ந்தவர். அரிசியைச் சோறாகத்தான் பார்த்திருக்கிறார். அம்மாவுக்கு முடியாமல் போன பிறகுதான் அவர் மளிகைக் கடைக்கே போகத் தொடங்கினார்.

"அண்ணே, அன்னிக்குக் கிள்ளான்ல முதல் சங்கிலிக்கு என்னன்னு கத்துனீங்க?" என்று வாசலிலேயே கேட்டார் ஆசீர்வாதம்.

"லாபம்னுதான். வேற என்னன்னு கத்துவாங்க?"

"நான் அதைச் சாமி பேருன்னு நினைச்சேன். நீங்க எப்பவும் முருகான்னு சொல்லிட்டுத்தானே சங்கிலியைத் தூக்குவீங்க? இதையும் அந்த மாதிரின்னு கோடு போடாம விட்டுட்டேன்."

கருப்பண்ணன் வாயைப் பிளந்தார். "நான் கடைசியில பத்து, மேக்கொண்டு அரைன்னு கத்துனேனே ஐயா!"

"மழையில கேக்கல."

"நீங்க கையை ஆட்டுனீங்களே!"

"ஆட்டினேன். திரும்பி வாங்கன்னு ஆட்டினேன்."

ஒரு சங்கிலி. அறுபத்தாறு அடி. மாரியாயி வீடு ஒன்பதரையில் இல்லை, பத்தரையில் இருந்தது. எல்லைக்கு வெளியே. வெயிலுக்கு இரும்பு எவ்வளவு நீளும் என்று அங்குலத்தில் கணக்குப் பார்த்த மனிதர், ஒரு முழுச் சங்கிலியை ஒரு வார்த்தையில் தொலைத்திருந்தார்.

மறுநாள் ஆபீஸில் துரையின் அறைக்குள் போனார். கதவு திறந்துதான் இருந்தது; நானும் கருப்பண்ணனும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேசியது இங்கிலீஷில். என் தமிழில் சொல்கிறேன்.

வரைபடம் கொடுத்தாகிவிட்டது, இப்போது வந்து தப்பு என்றால் ஆபீஸின் பெயர் என்ன ஆவது என்றார் துரை. வீடு என்ன ஆவது என்றார் இவர். ஒரு சங்கிலிக்காரனின் ஞாபகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறாயா என்றார் துரை. இல்லை, திரும்ப அளந்து பேசுகிறேன், அனுமதி கொடுங்கள் என்றார் இவர். அதற்குத் துரை கேட்ட கேள்வி நியாயமான கேள்விதான், இல்லையென்று சொல்ல மாட்டேன். "எல்லா அளவிலும் சந்தேகம் உண்டு என்று எப்போதும் சொல்கிறவன் நீ. முதல் அளவு தப்பு என்கிறாய். இரண்டாவதும் தப்பாக இருக்காது என்று எப்படித் தெரியும்?"

அதற்கு ஆசீர்வாதம் சொன்னது எனக்கு அப்படியே மனப்பாடம். "எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனால் என் சந்தேகத்தையும் அளந்து வைத்திருக்கிறேன். அது ஓரடி நீளம். அந்த வீடு எல்லையிலிருந்து முப்பத்து மூன்று அடி. என் சந்தேகம் அவ்வளவு தூரம் எட்டாது."

"கையெழுத்துப் போட்டது நீ."

"ஆமாம். அதனால்தான் வேறு யாரையும் அனுப்பாமல் நானே வந்து நிற்கிறேன்."

சரி, ஆபீஸின் இன்னொரு சர்வேயர் கூட வந்து பார்க்கட்டும் என்றார் துரை. அளவு எப்படி வந்தாலும் தப்பான வரைபடத்துக்காக நீ வெளிவேலையிலிருந்து இறக்கப்படுவாய் என்றும் சொன்னார். இவர் வெளியே வந்து தொப்பியை வைத்துக்கொண்டார். "என்னடா உக்காந்திருக்கீங்க? வண்டிக்கு நேரமாச்சு."

அன்று அளந்த மாதிரி நாங்கள் எப்போதும் அளந்ததில்லை. கல்லிலிருந்து வீட்டுக்கு, வீட்டிலிருந்து கல்லுக்கு. காலையில், உச்சி வெயிலில். சேற்றில் கம்பி நிற்காது என்று பலகை போட்டு அதன்மேல் ஆணியால் கீறிக் குறி வைத்தோம். எண்ணுவதற்கு மூன்று பேர். கருப்பண்ணன் லாபத்தில் தொடங்கினார். நான் ஒன்றில் தொடங்கினேன். கூட வந்த சர்வேயர் ஒரு டப்பாவில் கூழாங்கல் போட்டார். மாரியாயி அக்கா நான்காவதாக, யாரும் கேட்காமலே, கூடவே நடந்து சத்தமாக எண்ணினார். பாதியில் அவருடைய மாடு சங்கிலியை மிதித்துக்கொண்டு நின்றுவிட்டது. "லட்சுமி, காலை எடு! வீட்டையே அளக்குறாங்க, நீ ஏன் மிதிக்கிறே" என்று அதையும் வைதார்.

ஒவ்வொரு தடவையும் அங்குலங்கள் மாறின. கூட வந்த சர்வேயர் சலித்துக்கொண்டார். "ஆசீர், ஒவ்வொரு தடவையும் வேற வேற வருதேய்யா. இதுல எதைத்தான் நம்புறது?"

"எல்லாத்தையும் நம்பு. எல்லாம் பத்தரைச் சங்கிலியைச் சுத்தி ஒரு அடிக்குள்ள நிக்குது. நீ எதை எடுத்தாலும் வீடு வெளியதான்."

மாரியாயி அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெளியன்னா? வீடு நிக்குமா?"

"நிக்கும்மா. தப்பு என்னுது."

அந்த அம்மா காலில் விழவில்லை, கும்பிடவும் இல்லை. "இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்ன கேடு?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது எல்லோருக்கும் மோர் இருந்தது. ஆசீர்வாதத்தின் குவளையில் மட்டும் உப்பு அள்ளிப் போட்டிருந்தார் என்று ஆசீர்வாதமே பிறகு சொன்னார். முழுவதையும் குடித்தார்.

சொன்னபடி அவரை வெளிவேலையிலிருந்து இறக்கி, வரைபடம் வரைகிற அறையில் போட்டார்கள். போகிறவர் வருகிறவரிடமெல்லாம் தானே கதையைச் சொன்னார். "லாபத்துல நஷ்டம் பண்ணுன ஒரே ஆளு நான்தான்" என்று சிரிப்பார். மூடி வைத்த தப்பு கோணச்சக்கரம் ஆகிவிடும், அடுத்தவனையும் அதே பள்ளத்தில் இறக்கும் என்பார். ஆனால் உள்ளே உட்கார முடியாதவர். கடற்கரைப் பக்கத்துச் சதுப்பில் ஒரு வேலை வந்தது. யாரும் போகத் தயாரில்லை. நான் போகிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அங்கேதான் காய்ச்சல் பிடித்தது.

ஆஸ்பத்திரியில் நான் கடைசியாகப் பார்த்தபோது மீசைக்கு மெழுகு இல்லை. நர்ஸம்மா தெர்மாமீட்டரை எடுத்துப் பார்த்து ஏதோ எழுதினார். "கூடக்குறைய எவ்வளவு சிஸ்டர்?" என்றார் இவர். "பேசாம படுங்க மிஸ்டர் ஆசீர்வாதம்" என்று அதட்டினார் நர்ஸம்மா. "அதை இன்னொண்ணோட சேத்து வச்சு, ரெண்டும் ஒண்ணாக் காட்டுதான்னு ஒரு தடவையாவது பாத்தீங்களா?" என்றார் விடாமல். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"டாக்டர் பொழைச்சிடுவேன்னு சொன்னாருடா. எவ்வளவு நம்பலாம்னு கேட்டேன். பதில் சொல்லாம போயிட்டாரு."

"அதெல்லாம் ஒண்ணும் ஆகாது சார்."

"உன்னைக் கேக்கல. அவரு பேசாம போனாரு பாரு, அது நல்ல டாக்டர். தெரியாததைத் தெரியும்னு சொல்லல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "சங்கிலியை ஆணியில வச்சுப் பாத்தியா இந்த வாரம்?" என்றார்.

பார்த்தேன் என்றேன். உண்மையில் பார்த்திருந்தேன்.

ஆகவே செயலாளர் அவர்களே, "பிழையே அறியாத" என்பதை எடுத்துவிடுங்கள். அதை அச்சடித்தால் மாரியாயி அக்காவின் வீடு எப்படி நின்றது என்பது யாருக்கும் புரியாது. இன்னொன்று. மலரில் வயது முப்பது என்று போட்டிருக்கிறீர்கள். அவருடைய அம்மாவிடம் நேற்றுக் கேட்டேன். "அவன் பொறந்தப்போ அவுங்கப்பா ஈப்போ வண்டியில போயிருந்தாரு. வருஷம் யாருக்குப்பா ஞாபகம்? பாதிரியார் ஞானஸ்நானத்தப்போ ஏதோ எழுதிக்கிட்டாரு" என்றார். ஆகையால் வெறும் முப்பது வேண்டாம். முப்பது, கூடக்குறைய ஒன்று என்று போடுங்கள். சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அவருக்குத் தெரிந்தால் அவரும்தான் சிரிப்பார்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்றும் கேட்டீர்கள். தொப்பியை அவருடைய அம்மா வைத்துக்கொண்டார். எனக்கு ஒரு சத்தம் இருக்கிறது. இப்போது எங்கள் கூட்டத்தில் முதல் சங்கிலி விழுந்ததும் கருப்பண்ணன் "லாபம்!" என்று கத்துவார். உடனே நான் "ஒண்ணு!" என்று கத்துவேன். கோடு கிழிக்கிறவர் கையைத் தூக்கி, ஒரு கோடு போட்டேன் என்று காட்டிய பிறகுதான் இரண்டாவது சங்கிலி நகரும். புதிதாக வருகிற ஆட்கள் இது ஏதோ பூஜை என்று நினைக்கிறார்கள். ஒருவன் கும்பிட்டே விட்டான். நாங்கள் திருத்தி, காரணத்தைச் சொல்கிறோம், அவர் பெயரையும் சொல்கிறோம். யார் சிரித்தாலும், எந்தத் துரை வந்து நேரமாகிறது என்று கத்தினாலும், நான் இந்த வேலையில் இருக்கும்வரை அதை விடப்போவதில்லை. இந்த வேலையில் இருக்கவும்தான் போகிறேன்.

இன்னும் எழுதலாம். கிள்ளான் வண்டிக்கு மணி அடித்துவிட்டார்கள், கருப்பண்ணன் வாசலில் நின்று கத்துகிறார். "இன்னும் எவ்வளவு நேரம்டா?" கூடக்குறைய என்று வாய் வரை வந்தது. போகிறேன்.